1973: பதிவுக்கு முன்பே பழுத்த இசை

புரோகிரசிவ் ராக் ரசிகர்களுக்குள் ஐம்பது ஆண்டுகளாக முடியாத வழக்கு ஒன்று உண்டு. ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அதில் வந்த ஆல்பங்களில் எது முதலிடத்துக்கு உரியது என்று வாதாடுவதுதான் அது. மற்ற ஆண்டுகளில் நாலைந்து பெயர்களோடு பேச்சு அடங்கிவிடும். 1973 அடங்காது. பிங்க் ஃப்ளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’, ஜெனிசிஸின் ‘செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்’, கிங் கிரிம்சனின் ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’, எமர்சன் லேக் அண்ட் பாமரின் ‘பிரெய்ன் சாலட் சர்ஜரி’, யெஸ்ஸின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’, ஜெத்ரோ டல்லின் ‘எ பேஷன் ப்ளே’, மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘ட்யூபுலர் பெல்ஸ்’ எல்லாம் அந்த ஒரே ஆண்டில் வந்தவை. இங்கிலாந்தைத் தாண்டி இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி என்று போனால் பட்டியல் இரட்டிப்பாகும்.

வாதங்கள் பெரும்பாலும் நான்கு தடங்களில் ஓடுகின்றன. எது அதிகம் விற்றது, எது பின்வந்தவர்களை அதிகம் பாதித்தது, எதில் வாசிப்புத் திறமை மிகுதி, எதில் துணிச்சல் மிகுதி. நான்கில் எதைப் பிடித்தாலும் ஒருவர் இன்னொருவரை நம்பவைக்க முடிவதில்லை. விற்பனை என்றால் பிங்க் ஃப்ளாய்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. துணிச்சல் என்றால் யெஸ்ஸின் இரட்டைத் தட்டை மிஞ்ச ஆளில்லை. இந்த வழக்கை நெடுநாளாகப் பின்தொடர்ந்ததில் எனக்கு வேறொரு கோடு தெரிகிறது. அந்த ஆண்டின் ஆல்பங்களைத் தரம் பிரிப்பது நீளமோ சிக்கலோ அல்ல. பதிவுக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன் அந்த இசை எவ்வளவு காலம் வாழ்ந்திருந்தது என்பதுதான்.

அதற்கு முன் தேதிச் சண்டையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். யெஸ்ஸின் ஆல்பம் இங்கிலாந்தில் 1973 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1974 ஜனவரியிலும் வந்தது. ஆகவே அமெரிக்க ரசிகர் சிலர் அதை 1974 கணக்கில் எழுதுகிறார்கள். ஜென்டில் ஜயன்ட் குழுவின் ‘ஆக்டோபஸ்’ இங்கிலாந்தில் 1972 இறுதியில் வந்து, அமெரிக்கக் கடைகளை அடுத்த ஆண்டுதான் எட்டியது. அவர்களின் 1973 ஆல்பமான ‘இன் எ கிளாஸ் ஹவுஸ்’ அமெரிக்காவில் வெளியிடப்படவே இல்லை. அங்கே இறக்குமதித் தட்டாகத்தான் கிடைத்தது. குழு எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் வெளியீட்டுத் தேதியை எடுத்துக்கொள்வதே நியாயம். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் முதலில் சொல்ல வேண்டும். இந்த இசை எல்லாம் எல்.பி. தட்டின் இரண்டு பக்கங்களுக்காகச் செய்யப்பட்டது. ஒரு பக்கம் இருபது நிமிடத்தைச் சௌகரியமாகத் தாங்கும். இருபத்தைந்தைத் தாண்டினால் வரிப்பள்ளங்கள் நெருங்கும். ஒலியின் அளவைக் குறைத்தே வெட்ட வேண்டும், கீழ்ச்சுரங்களும் மெலியும். ஊசி நடுவை நெருங்க நெருங்க ஒலி கலங்கும். இன்று இடைவெளியே இல்லாமல் கைபேசியில் கேட்கிறவர்கள் இந்த எல்லைகளை மறந்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அன்று இசையமைத்தவர்களால் அவற்றை மறக்க முடியவில்லை.

‘டார்க் சைட்’ ஆல்பத்தின் பெருமையாக 741 என்ற எண்ணைச் சொல்வார்கள். 1973 முதல் 1988 வரை அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் அது இருந்த வாரங்களின் எண்ணிக்கை அது. முதலிடத்தில் இருந்ததோ ஒரே வாரம்; இங்கிலாந்தில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. என் கணக்குக்கு இந்த எண்களைவிட முக்கியமானது, அது வெளிவந்த 1973 மார்ச்சுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே மேடையில் முழுமையாக வாசிக்கப்பட்டுவந்தது என்பதுதான். 1972 ஜனவரியில் பிரைட்டனில் முதல் முயற்சி கருவிக் கோளாறால் பாதியில் நின்றது. பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் வாசித்தார்கள். ஆல்பம் வருவதற்குள் அந்த நிகழ்ச்சியின் திருட்டுப் பதிவே விற்பனைக்கு வந்துவிட்டது.

மேடையில் இருந்தது எப்படி மாறியது என்பதைப் பார்த்தால் ஓராண்டின் பயன் தெரியும். இறுதியில் எல்லாவற்றையும் முடித்துவைக்கிற ‘எக்லிப்ஸ்’ முதல் நிகழ்ச்சிகளில் கிடையாது. முடிவு சரியாக விழவில்லை என்று பட்டு, ரோஜர் வாட்டர்ஸ் பயணத்தின் நடுவில் எழுதிச் சேர்த்தது அது. சிந்தசைசர் சுழன்றோடுகிற ‘ஆன் த ரன்’ முதலில் கிதாரும் கீபோர்டும் கலந்த வழக்கமான இசைவிரிவு. முதல் பக்கத்தை முடிக்கிற ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’ மேடையில் ஆர்கனோடு சமயப் பேச்சுகளின் பதிவைக் கலந்து வாசிக்கப்பட்டது. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடகி கிளேர் டோரியை அழைத்து, சொற்களே இல்லாமல் பாடவைத்தார்கள். கூலி 30 பவுண்டு. இசையமைப்பில் அவருக்கும் பங்கு உண்டென்பது வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து 2005-இல்தான் ஏற்கப்பட்டது. அந்தக் குரல் இல்லாத முதல் பக்கத்தை இன்று யாராலும் கற்பனை செய்ய முடியாது.

‘இது புரோக் இல்லை, நீட்டிய பாப்’ என்று கடும் ரசிகர்கள் ஒதுக்குவது இந்த ஆல்பத்தைத்தான். தாளக் கணக்கில் விளையாட்டு குறைவு என்பது அவர்கள் குறை. ‘மணி’ ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிஸ்ர சாபு பழகிய காதுக்கு ஏழு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் டேவிட் கில்மரின் கிதார் தனி வரும்போது தாளம் நான்குக்கு மாறுகிற இடத்தைக் கவனியுங்கள். சிக்கலைக் காட்டுவதற்காக அவர்கள் ஏழைப் பிடிக்கவில்லை; பிடித்ததை விட வேண்டிய இடத்தில் விட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால் பலமுறை வாசித்தவர்களுக்கு வருகிற தெளிவு அது. இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிற அந்த 43 நிமிடத்தில் அகற்றக்கூடிய ஒரு நிமிடத்தை நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஜெனிசிஸ் ரசிகர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். இசையின் அழகு மட்டுமே அளவுகோல் என்றால் அவர்கள் பக்கம் நியாயம் கனக்கும். ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ பாட்டில் டோனி பேங்க்ஸின் பியானோ முகப்பும், பீட்டர் கேப்ரியலின் புல்லாங்குழல் தொட்ட மெட்டையே ஸ்டீவ் ஹாக்கெட் கிதாரில் இழுத்து இழுத்து விரிக்கிற பகுதியும் இந்த இசைவகை முழுவதிலுமே அரியவை. ‘சினிமா ஷோ’வின் பின்பாதியில் ஏழு எண்ணிக்கையில் பேங்க்ஸின் கீபோர்டு ஓட, மைக் ரதர்ஃபோர்டும் ஃபில் காலின்ஸும் அடியில் அதை ஏந்திச் செல்கிறார்கள். அந்த ஆண்டின் சிறந்த ஒரே பாட்டு எது என்று கேட்டால் நான் தயங்காமல் அதைச் சொல்வேன். தொழிற்கட்சியின் முழக்கம் ஒன்றிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டு, விற்பனைப் பண்டமாகிப்போன இங்கிலாந்தைப் பற்றி அழுகையும் சொல்விளையாட்டுமாகப் பாடிய ஆல்பம் இது.

ஆனால் இரண்டாம் பக்கத்தின் நீளம் ஏறத்தாழ 29 நிமிடம். தட்டு தாங்குகிற அளவை மீறியது. அதன் விளைவாக ஒலி மெலிந்ததை அந்நாளைய தட்டைப் போட்டுப் பார்த்தால் உணரலாம். நீளம் எங்கிருந்து வந்தது? ‘த பேட்டில் ஆஃப் எப்பிங் ஃபாரஸ்ட்’ பாட்டுக்கு இசை முழுவதையும் முதலில் அமைத்துவிட்டார்கள். கேப்ரியல் பிறகு அதன்மேல் குண்டர் கூட்டங்களின் மோதலை வேடம் வேடமாகக் குரல் மாற்றி எழுதி நிரப்பினார். இசையும் சொல்லும் ஒன்றையொன்று நெருக்குகின்றன, மூச்சுவிட இடமில்லை. அடுத்து வருகிற ‘ஆஃப்டர் த ஆர்டியல்’ குழுவுக்குள்ளேயே எல்லாருக்கும் பிடித்ததல்ல. இவற்றை முன்கூட்டியே கூட்டத்தின் முன் வாசித்திருந்தால் குறைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அந்த ஊகத்துக்கு அடிப்படை, பின்னால் நடந்தது. ‘எப்பிங் ஃபாரஸ்ட்’ அந்தச் சுற்றுப்பயணத்தோடு மேடையிலிருந்து போய்விட்டது. ‘சினிமா ஷோ’ கேப்ரியல் விலகிய பிறகும் ‘செகண்ட்ஸ் அவுட்’ நேரடிப்பதிவு வரை வாழ்ந்தது. மேடை பின்னர் சொன்ன தீர்ப்பை முன்பே கேட்டிருக்கலாம்.

எமர்சன் லேக் அண்ட் பாமர் குழுவினர் கேட்கத்தான் செய்தார்கள். முந்தைய ‘ட்ரிலஜி’யில் ஒலியடுக்குகளைக் குவித்துவிட்டு மேடையில் வாசிக்க முடியாமல் திண்டாடியவர்கள், இம்முறை மூவரால் நேரில் வாசிக்க முடிகிற இசையே வேண்டும் என்று தீர்மானித்தார்கள். லண்டன் ஃபுல்ஹாமில் ஒரு பழைய திரையரங்கையே வாங்கி ஒத்திகைக்கூடமாக்கினார்கள். ஆல்பத்தின் முதுகெலும்பான ‘கார்ன் ஈவில் 9’ அரை மணி நேரம் நீள்வது. ஒரு பக்கத்தில் அடங்காததால் முதல் அங்கத்தை நடுவில் வெட்டி, முதல் பக்கத்தின் கடைசியில் ஒலியை மங்கவிட்டார்கள். தட்டைத் திருப்பினால் பார்வையாளர்களை மீண்டும் வரவேற்கிற வரி. தட்டின் குறையையே காட்சியின் இடைவேளையாக மாற்றிய இந்த உத்தி, இடைவெளியின்றிக் கேட்கிறவர்களுக்குப் பொருளற்றுப் போகிறது. எனக்கு இந்த ஆல்பத்தில் குறை, வாசிப்பின் வெறி எப்போதும் ஒரே உச்சத்தில் நிற்பது. அல்பெர்ட்டோ ஹினாஸ்டெராவின் பியானோ கான்செர்ட்டோவிலிருந்து செய்த ‘டொக்காட்டா’ மட்டும் விதிவிலக்கு. ஹினாஸ்டெராவே கேட்டுப் பாராட்டி அனுமதி தந்த வடிவம் அது. கார்ல் பாமரின் தாளப் பகுதியில் அச்சம் இருக்கிறது, ஆரவாரம் இல்லை.

‘எ பேஷன் ப்ளே’ நேர்மாறான கதை. வரிச்சுமைக்கு அஞ்சி பிரான்ஸ் போன ஜெத்ரோ டல், ஷாட்டோ டெரூவில் பதிவுக்கூடத்தில் ஓர் ஆல்பத்தில் பாதிக்குமேல் செய்துவிட்டுக் கைவிட்டு வீடு திரும்பினார்கள். பிறகு லண்டனில் அவசர அவசரமாக, இறந்தவன் ஒருவனின் மறுவுலகப் பயணத்தை 45 நிமிட ஒரே படைப்பாக எழுதினார்கள். ‘மெலடி மேக்கர்’ இதழில் கிறிஸ் வெல்ச் கடுமையாகத் தாக்கினார். அமெரிக்காவில் அது முதலிடம் பிடித்தது. ரசிகர்கள் இன்றும் இந்த இரண்டு உண்மைகளையும் ஒருவர் மேல் ஒருவர் எறிகிறார்கள். 2014-இல் ஸ்டீவன் வில்சன் மறுகலப்பு செய்து, கைவிடப்பட்ட பிரான்ஸ் பதிவுகளோடு சேர்த்து வெளியிட்ட பிறகு ஆதரவாளர் தொகை கூடியது. எனக்கோ அந்தக் கைவிட்ட பதிவுகளில் உயிர் அதிகமாகத் தெரிகிறது. அவற்றிலிருந்து ‘ஸ்கேட்டிங் அவே’ 1974-இல் ‘வார் சைல்ட்’ ஆல்பத்தில் வந்தபோது, அதன் எளிமை ‘பேஷன் ப்ளே’யின் நெருக்கடியை இன்னும் வெளிச்சமாக்கியது.

இனி யெஸ். 1973 மார்ச்சில் டிரம்மர் பில் புரூஃபோர்டின் திருமண விருந்தில், கிங் கிரிம்சனின் தாளக் கலைஞர் ஜேமி மியூர், யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனிடம் பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதை’யைப் பற்றிப் பேசினார். அதைத் தேடிப் படித்த ஆண்டர்சன், சாத்திரங்களை சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று வகுக்கிற அடிக்குறிப்பு ஒன்றில் சிக்கிக்கொண்டார். நான்கு வகைக்கு நான்கு பாட்டு, ஒவ்வொன்றும் ஒரு முழுப் பக்கம் என்று இரட்டைத் தட்டின் உருவம் அங்கேயே முடிவாகிவிட்டது. நம் வாசகர்களுக்கு இந்த நான்கு சொற்களும் பழகியவை. அவை நூல்வகைகளின் பெயர்கள் மட்டுமே. ஒரே நீளத்தில் நான்கு இசைப்படைப்புகள் வேண்டும் என்று அவற்றில் எதுவும் கேட்பதில்லை. உருவம் முன்னால் வந்தது, இசையைத் தேடி நிரப்ப வேண்டியதாயிற்று.

ஆண்டர்சனும் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹவ்வும் பயணங்களுக்கிடையே விடுதி அறைகளில் அமர்ந்து வடிவத்தைத் தீட்டினார்கள். மற்ற மூவரும் பதிவுக்கூடத்தில்தான் அதைக் கற்றார்கள். ஒரு தட்டுக்கு அதிகமாகவும் இரண்டு தட்டுக்குக் குறைவாகவும் சரக்கு இருந்தது, அதனால் நீட்டினோம் என்று கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மான்செஸ்டர் மேடையில் அவர் அமர்ந்து கறி சாப்பிட்ட கதையைச் சொல்லிச் சிரித்தே இந்த ஆல்பத்தை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. முதல் பக்கத்தின் மெட்டுகள் பெரியவை. மூன்றாம் பக்கத்தில், முரட்டுத் தாளங்களுக்குப் பிறகு ஹவ் தனியே வாசிக்கிற நைலான் கம்பிக் கிதார் அவர் வாழ்நாளில் வாசித்த சிறந்தவற்றில் ஒன்று. தொய்வது இரண்டாம் பக்கம்தான். 1974 பயணத்தின் போக்கில் குழுவே அந்தப் பக்கத்தை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டது. 1973 நவம்பரில், ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே, முன்பின் கேட்டிராத 80 நிமிடத்தை ரசிகர்கள் அரங்கில் உட்கார்ந்து கேட்டார்கள். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்: முதலில் மேடை, பிறகு பதிவு.

என் கோட்டுக்கு அடங்காதது போலத் தோன்றுவது ‘ட்யூபுலர் பெல்ஸ்’. கூட்டமே இல்லை, குழுவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுஷயர் கிராமத்து மாளிகையில் இருந்த மேனர் பதிவுக்கூடத்தில் ஓர் இளைஞர் கருவிமேல் கருவியாகத் தானே வாசித்து அடுக்கிய இசை. 1973 மே 25 அன்று வெர்ஜின் நிறுவனத்தின் முதல் தட்டுகளில் ஒன்றாக வெளிவந்தபோது ஓல்ட்ஃபீல்டுக்கு வயது 20. ஆனால் அந்த மெட்டுகள் திடீரென்று பிறந்தவை அல்ல. பாடகர் கெவின் அயர்ஸிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரில் 1971-இலேயே மாதிரிகளைப் பதிந்து, பல நிறுவனங்களின் கதவைத் தட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். மேடை இல்லாமலும் ஓர் இசை பழுக்கலாம். காலம் மட்டும் வேண்டும். முதல் பக்கம் நீண்ட நாள் மனதில் கிடந்தது, இரண்டாம் பக்கம் பதிவுக்கூடத்தில்தான் பெரும்பாலும் உருவானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதன் தொடக்கப் பியானோவை அந்த டிசம்பரில் ‘த எக்ஸார்சிஸ்ட்’ படம் எடுத்துக்கொண்டதில், பேய்ப்பட இசை என்ற முத்திரை விழுந்து, அடுத்து வருகிற இருபது நிமிட மகிழ்ச்சியைப் பலர் கேட்காமலே போனார்கள்.

ஆங்கிலக் குழுக்களோடு பட்டியலை மூடுகிறவர்கள் பெரிய பகுதியை இழக்கிறார்கள். இத்தாலியின் லெ ஓர்மெ, ஒளியும் இருளுமான இரட்டைக் கோள்களைப் பற்றி ‘ஃபெலோனா எ சொரோனா’ செய்தது இந்த ஆண்டில்தான். அரசியல் கைதி ஒருவனுக்காகப் பாங்கோ குழு பதினைந்து நிமிடத்துக்கு மேல் பாடுகிற பாட்டோடு தொடங்கும் ‘இயோ சோனோ நாட்டோ லிபெரோ’வும் இந்த ஆண்டுதான். முசெயோ ரோசன்பாக்கின் ‘சரதுஸ்த்ரா’, அட்டையின் படத்தொகுப்பில் முசோலினியின் சிலை இருந்ததால் அரசியல் பழிக்கு ஆளாகி அமுங்கிப்போனது. இன்று இத்தாலிய ரசிகர்கள் பலர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பிரான்சில் கிறிஸ்டியான் வாண்டர் தானே உருவாக்கிய கோபாய மொழியில், கூட்டுக்குரலும் பித்தளை ஊதுகருவிகளும் இடித்துக்கொண்டே ஏறுகிற ‘மெக்கானிக் டெஸ்ட்ருக்டிவ் கொமாண்டோ’வை மாக்மாவுக்காகத் தந்தார். இவற்றில் மாக்மா ஒன்றைத்தான் முதல் ஐந்துக்குள் வைப்பேன். மற்றவர்கள் புரோக் என்ற வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். வாண்டர் அதற்குப் பக்கத்தில் வேறொன்றைக் கட்டினார்.

மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ இந்தக் கணக்கில் சேருமா என்பதும் தீராத தகராறு. ஜாஸ் என்று வெளியே தள்ளுகிறவர்கள், அதன் மின்வயலினும் மூர்க்கமான கிதாரும் ஒற்றைப்படைத் தாளங்களும் அந்தக் காலத்து ராக் குழுக்களை எவ்வளவு உலுக்கின என்பதையும் யோசிக்க வேண்டும். இந்த வழியிலேயே நடந்துதான் அதன் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் சில ஆண்டுகளில் எல். சங்கரின் வயலினோடும் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் ‘சக்தி’யில் வந்து உட்கார்ந்தார். நான் சேர்த்துக்கொள்வேன்.

‘லார்க்ஸ் டங்ஸ்’ ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், என் முதலிடம் அதற்கு என்பதுதான். 1972-இல் கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப் பழைய குழுவைக் கலைத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்த நால்வர்: யெஸ்ஸை அதன் புகழின் உச்சத்தில் விட்டுவந்த புரூஃபோர்ட், ஜான் வெட்டன், வயலின் கலைஞர் டேவிட் கிராஸ், ஜேமி மியூர். அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து முழுவதும், ஒரு தட்டும் வெளியிடாத குழுவாகப் புதுப் பாட்டுகளையும் அந்தந்த இரவில் பிறக்கிற கற்பனை வாசிப்பையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பிறகுதான் லண்டனில் பதிவு. மியூர் தகரத் தட்டுகளையும் சங்கிலிகளையும் பறவைக் குரல் ஊதிகளையும் தட்டி, உரசி, எறிந்து வாசித்தவர். ஆல்பம் வருவதற்குள் எல்லாவற்றையும் துறந்து ஸ்காட்லாந்தின் பௌத்த மடத்துக்குப் போய்விட்டார். புரூஃபோர்டின் திருமண விருந்தில் ஆண்டர்சனிடம் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னவர் இவர்தான்.

இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 22 நிமிடத்துச் சொச்சம். ‘ஈஸி மணி’ நொண்டி நடையில் வந்து கேலிச் சிரிப்போடு முடிகிறது. காற்றுப் போல ஏதோ கேட்கத் தொடங்கி, மியூரின் விரல்கள் ஒரு சிறு முழவில் விழ, ‘த டாக்கிங் டிரம்’ காதுக்கு எட்டாத அளவிலிருந்து நிமிடம் நிமிடமாக ஏறுகிறது. பேஸ் கிதார் ஒரே சுழற்சியை விடாமல் பிடிக்க, வயலினும் கிதாரும் மாறி மாறி மேலே போகின்றன. அலறலின் உச்சத்தில் இரக்கமின்றி அறுத்து, அந்த நொடியே ‘லார்க்ஸ் டங்ஸ்’ இரண்டாம் பகுதியின் கிதார் அடி விழுகிறது. மாறாத தாளத்தில் வளர்த்த பதற்றத்தை மாறிக்கொண்டே இருக்கிற தாளத்தில் செலவழிக்கிறார்கள். தட்டின் ஒலி மிகவும் பலவீனமாகிற உள்வட்டத்தில் ஆல்பத்தின் மிகப்பெரிய ஒலியை வைத்தது தொழில்நுட்பப்படி தவறு. ஆனால் வேறெங்கும் அதை வைக்க முடியாது.

பிங்க் ஃப்ளாய்ட் ஓராண்டு மேடையில் பெற்றது, எல்லாவற்றையும் சரியான இடத்தில் பூட்டுகிற தெளிவு. கிரிம்சன் சில மாதங்களில் பெற்றது வேறு: அடுத்தவர் என்ன செய்வார் என்று தெரியாமல் வாசிக்கிற துணிவைப் பதிவுக்கூடத்துக்குள்ளும் கொண்டுவந்தது. ‘லார்க்ஸ் டங்ஸ்’ முதல் பகுதியின் நடுவில் கிராஸின் வயலின் தனியே, ஏறத்தாழ மௌனத்தில் நிற்கிற இடம் இருக்கிறதே, எந்தப் பதிவுக்கூடமும் ‘இங்கே எதையாவது நிரப்பு’ என்றுதான் சொல்லும். அவர்கள் நிரப்பவில்லை. ‘டார்க் சைட்’ முதலிடம் என்கிறவர்களோடு எனக்குப் பகை இல்லை. இரண்டுக்கும் இடையே மயிரிழைதான். ‘செல்லிங் இங்கிலாந்து’க்கு மூன்றாவது, மாக்மாவுக்கு நான்காவது, ‘ட்யூபுலர் பெல்ஸ்’ ஆல்பத்தின் முதல் பக்கத்துக்காக ஐந்தாவது. யெஸ்ஸின் இரட்டைத் தட்டை ஆறாவதாக வைத்தாலும், அதன் முதல், மூன்றாம், நான்காம் பக்கங்கள் மட்டும் வந்திருந்தால் அது எங்கே இருந்திருக்கும் என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை.